ஆவடியில் பிறந்து கும்மிடிப்பூண்டியில் உருகும் குழாய்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடி, அதிகத்தூர், கும்மிடிப்பூண்டி என்று மூன்று ஊர்கள். டர்போ கார் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டு போகும் ஒரு குழாயின் பிறப்பும் உழைப்பும் முடிவும் இந்த மூன்று ஊர்களுக்குள் அடங்கிவிடும். ஆவடியில் எஃகுத் தகடு குழாயாகச் சுருள்கிறது. அதிகத்தூரில் கார் தயாராகிறது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாகிறது. நடுவே சென்னைப் புதுப்பேட்டையில் அது கொஞ்ச காலம் தங்கிப் போவதும் உண்டு.

கார் வாங்குகிறவர் யாரும் இந்தக் குழாயைப் பற்றி விசாரிப்பதில்லை. வண்டி பழசாகி ஹோஸ் கிழியும்போதும், இருக்கிற இன்டர்கூலரை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட ஆசை வரும்போதும்தான் அது பேச்சில் வருகிறது. பட்டறையில் அப்போது எழும் முதல் கேள்வி, "எந்தப் பைப் போட்டா காத்து நல்லா கூலாகும்?" என்பது. இந்தக் கேள்விதான் பலரைத் தவறான கடைக்கு அனுப்புகிறது. காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. குழாய் செய்ய வேண்டியவை வேறு: சூட்டில் இளகக் கூடாது, அழுத்தத்தில் கழன்றுவிடக் கூடாது, எண்ணெயில் ஊறிப் போகக் கூடாது, இன்ஜின் ஆடும்போது விரிசல் விடக் கூடாது, உள்ளே எதையும் உதிர்க்கக் கூடாது. எந்தப் பொருளில் குழாய் செய்வது என்பது இந்த ஐந்தையும் பார்த்து முடிவாக வேண்டியது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி, புகையோடு வீணாகும் ஆற்றலைக் கொண்டு இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் ஏற்பாட்டுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை உறிஞ்சி அழுத்தும். இதுதான் டர்போ. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மே மாதத் திருவள்ளூரில் வெளிக்காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ அதை இருமடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போகிறது, அதன் திறன் 70 விழுக்காடு என்றால், வெளியே வரும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 138 டிகிரி. அழுத்தம் கூடக் கூட இதுவும் ஏறும். அந்தக் காற்றை இன்டர்கூலர் 60 டிகிரிக்கு இறக்கிக் கொடுத்தால், அதே அழுத்தத்தில் அதே கொள்ளளவுக்குள் 20 விழுக்காட்டுக்கும் அதிகமான கூடுதல் காற்று அடங்கும். பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டலும் குறையும். 1962-இல் அமெரிக்காவில் டர்போவோடு விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலர் கிடையாது. தட்டலை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தெளித்தார்கள். அந்தத் திரவத்தை உரிமையாளர்கள் நிரப்ப மறந்தார்கள். கார் பேர் கெட்டது. இன்டர்கூலருக்கு நிரப்ப வேண்டியது ஒன்றும் இல்லை, வெளிக்காற்று பட்டால் போதும். ஆனால் அது காரின் முகப்பில் உட்கார வேண்டும். இன்ஜினிலிருந்து முகப்புக்குப் போகவும் திரும்பி வரவும் குழாய் தேவைப்பட்டது இப்படித்தான்.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போவது சூட்டுப் பக்கம். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கு வருவது குளிர்ப் பக்கம். இரண்டும் ஒரே அளவில் இருக்கலாம், ஆனால் வாழும் வாழ்க்கை வேறு. ஒரே பொருளால் இரண்டையும் செய்ய நினைப்பதில்தான் முதல் கோளாறு தொடங்குகிறது.

ஆவடி என்றால் எல்லாருக்கும் டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே 1961-இல் அமைந்தது. அதற்கு முன்பே, 1955-இல், டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஓல்ட்பரியில் இருந்த டியூப் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டோடு முருகப்பா குடும்பத்தார் தொடங்கிய ஆலை. பக்கத்து அம்பத்தூரில் அவர்கள் செய்துகொண்டிருந்த சைக்கிளுக்குக் குழாய் வேண்டியிருந்தது. சைக்கிளுக்காக வந்த தொழில் பிறகு மோட்டார் வாகனங்களின் பக்கம் வளர்ந்தது. இந்த மாவட்டத்தில் துல்லியக் குழாய் செய்யும் கைப்பழக்கம் ஏழு பத்தாண்டுகளாக இருக்கிறது என்பதை இங்கே பட்டறை வைத்திருப்பவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் 'கிட்'டுக்கு அவர்கள் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

டியூப் மில்லில் குழாய் பிறப்பது பார்க்க வேண்டிய காட்சி. பெரிய சுருளாக வரும் எஃகுத் தகட்டை முதலில் நாடா நாடாவாகக் கிழிப்பார்கள். 63 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய்க்கு நாடாவின் அகலம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வரிசையாக நிற்கும் உருளைகள் நாடாவின் இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, வளைத்து, ஒன்றை ஒன்று நோக்கி நெருக்குகின்றன. ஓரங்கள் சந்திக்கும் இடத்தில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்கிறது. வெல்டிங் கம்பி எதுவும் இல்லாமல், தகட்டின் சொந்த உலோகமே இளகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் கொஞ்சம் உலோகம் வெளியேயும் உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதை ஒரு கத்தி ஓடஓடச் சீவி எடுத்துவிடும். உள்ளே பிதுங்கியதை எடுப்பது தனி வேலை, தனிச் செலவு. பந்தல் போடவும் கிரில் செய்யவும் வாங்கும் குழாயில் அந்த உள்மேடு அப்படியே இருக்கும். அதனால் ஒன்றும் கெடாது. டர்போவுக்குப் பின்னால் போகும் குழாயில் அந்த மேடு காற்றோட்டத்தைக் கெடுக்கும், துருவும் பொடியும் தங்க இடம் கொடுக்கும். குழாயின் வாயில் விரலை விட்டு உள்பக்கம் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படிப் பார்க்காமல் எஃகுக் குழாய் வாங்காதீர்கள். இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால் குழாயை அச்சு வழியே குளிர்நிலையில் இழுத்து, கனத்தையும் உள்விட்டத்தையும் ஒரே சீராக்குவார்கள். பட்டறைக்காரர்கள் இதை சி.டி.டபிள்யூ. பைப் என்று கேட்டு வாங்குகிறார்கள்.

பிறகு குழாய் வளைய வேண்டும். சைலன்சர் கடையில் பிரஸ் வைத்து அழுத்தி வளைத்தால், வளைவில் குழாய் சப்பையாகும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். உள்ளே மேன்ட்ரல் எனப்படும் முட்டு கொடுத்து வளைத்தால் விட்டம் மாறாது. மேன்ட்ரல் இல்லாத பழைய பட்டறைகளில் குழாயில் காய்ந்த மணலை இறுக நிரப்பி, வாயை அடைத்து, சூடேற்றி வளைப்பார்கள். நன்றாகத்தான் வரும். ஆனால் பிறகு அந்த மணலின் கடைசித் துகள் வரை வெளியேற வேண்டும். ஒரு துகள் தங்கினாலும் அது போய்ச் சேரும் இடம் சிலிண்டர்.

கார் தயாராகும் ஊருக்கு வருவோம். திருவள்ளூரிலிருந்து கடம்பத்தூர் போகும் சாலையில் அதிகத்தூர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷியோடு சேர்ந்து கட்டிய ஆலையிலிருந்து 1998-இல் லான்சர் வந்தது. பிறகு பஜேரோ வந்தது. 2012-இல் பஜேரோ ஸ்போர்ட், 2.5 லிட்டர் டர்போ டீசல். அடுத்து இசுசுவின் வண்டிகளையும் ஒப்பந்தத்தில் அங்கேயே பூட்டினார்கள். 2016-இல் இசுசு எல்லை தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து போய்விட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அது கொஞ்ச தூரம்தான். 2017-இல் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமமும் சி.கே. பிர்லா குழுமமும் கைகோத்தன. ஆலை சிட்ரோயன் கார்களுக்கு மாறியது. 2021-இல் சி5 ஏர்கிராஸ், 2022-இல் சி3. கம்பெனி மாறினாலும் ஒன்று மாறவில்லை: பஜேரோ காலத்திலிருந்து இன்றுவரை அந்த ஆலையின் வாசலை டர்போ வண்டிகள் தாண்டிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்து மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலையில் செய்யும் சுரங்க லாரிகளின் பெரிய டீசல்களும் டர்போ சேர்ந்தவையே.

சி3 காரை எடுத்துக்கொண்டால் குழாயின் மதிப்பு எண்ணிலேயே தெரியும். 2022-இல் வந்தபோது அதற்கு இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் இருந்தன. இரண்டுமே 1,200 சிசிக்குச் சற்றுக் குறைவு, மூன்று சிலிண்டர். டர்போ இல்லாதது 82 குதிரைத்திறன், 115 நியூட்டன் மீட்டர். டர்போ உள்ளது 110 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். நம் வரிச் சட்டம் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்குக் குறைந்த வரி போடுகிறது. அந்த வரம்பைத் தாண்டாமல் இழுவை கூட்ட முக்கியமான வழி காற்றை அழுத்துவது. சிறிய கார்களில் இவ்வளவு டர்போ வந்ததற்கு இந்த வரிக்கும் பங்கு உண்டு.

இன்றைய டர்போ கார் எதன் பானெட்டைத் தூக்கினாலும் இந்தப் பாதையில் எஃகு அதிகம் தென்படாது. கறுப்பு நைலான் குழாய்களும் ரப்பர் முட்டிகளும்தான் பெரும்பாலும் இருக்கும். குழாயின் மேல் சின்ன எழுத்தில் பி.ஏ.66-ஜி.எஃப்.30 என்று பொறித்திருந்தால், அது 30 விழுக்காடு கண்ணாடியிழை கலந்த நைலான் 66 என்று பொருள். அது உருகுவது 260 டிகிரி அளவில். சூட்டுப் பக்கத்தின் 140, 150 டிகிரியை, வெப்பம் தாங்கச் சேர்மானம் போட்ட நைலான் ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கு மேல் சூடு போகும் இன்ஜின்களில் பி.பி.எஸ். என்ற இன்னும் விலை கூடிய பிளாஸ்டிக்கையோ உலோகத்தையோ வைப்பார்கள். எஃகின் அடர்த்தி 7.85, இந்த நைலானின் அடர்த்தி 1.4-க்கும் குறைவு. ஒரே அச்சில் வளைவும் தாங்கியும் சென்சார் உட்காரும் இடமும் சேர்ந்து வந்துவிடும். வெல்டிங் கிடையாது, துரு கிடையாது. ஆயிரக்கணக்கில் கார் செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கோ இது எட்டாத பொருள். அச்சு செய்யும் செலவுக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் பட்டறைக் கேள்வி திரும்ப வருகிறது. நைலான் வெப்பத்தைக் கடத்தாதே, அலுமினியம் போட்டால் காற்று வழியிலேயே ஆறிவிடுமே என்பார்கள். பாடப்புத்தக எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெப்பம் கடத்தும் திறனில் அலுமினியம் 200 என்றால் சாதா எஃகு 50, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் 16, நைலான் 0.3 அளவு. ஆனால் குழாய்க்குள் ஓடும் காற்றின் வேகத்தைப் பாருங்கள். 1.2 லிட்டர் இன்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 50 லிட்டர் காற்றை விழுங்குகிறது. 50 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் அது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு மீட்டர் குழாயைக் கடக்க அதற்கு ஆவது ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு. அதற்குள் அது இழக்கும் வெப்பம், நான் போட்ட கணக்கில், இரண்டு மூன்று டிகிரிதான். அதையும் முடிவு செய்வது குழாயின் உலோகம் இல்லை, குழாயின் வெளித்தோலைத் தொட்டு நிற்கும் பானெட்டுக் காற்று. அந்தக் காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டு நகர்வது மெதுவாகத்தான். அலுமினியத்தை எடுத்துவிட்டு நைலான் வைத்தால் அந்த இரண்டு மூன்று டிகிரியிலும் ஆறில் ஒரு பங்குதான் மாறும். இன்டர்கூலர் இறக்குவதோ 70, 80 டிகிரி. குளிர்ச்சிக்காகக் குழாயின் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது காசைக் கரைப்பது. அந்தக் காசை நல்ல இன்டர்கூலருக்கும் நல்ல கிளாம்புக்கும் கொடுங்கள்.

எடை விஷயத்தில் அலுமினியத்துக்கு உண்மையான ஆதாயம் உண்டு, ஆனால் சிறியது. 63 மில்லிமீட்டர் குழாய் இரண்டு மீட்டர் என்றால், ஒன்றரை மில்லிமீட்டர் கன எஃகில் நாலரை கிலோ. இரண்டு மில்லிமீட்டர் கன அலுமினியத்தில் இரண்டு கிலோ. மிச்சம் இரண்டரை கிலோ. அதற்கு விலையாக, அலுமினியத்தை ஒட்ட டிக் வெல்டிங்கில் கை தேர்ந்தவர் வேண்டும். வெல்டிங் பட்ட இடத்தைச் சுற்றி அதன் கெட்டி குறைந்து மெத்தென்று ஆகிவிடும். எஃகு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அதிர்வை எத்தனை கோடி முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சின்ன அதிர்வும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விரிசலாகும். டீசல் வண்டியில் தாங்கியை வெல்டு வைத்த இடத்தில்தான் அது வழக்கமாக விரியும். குழாயை அதிரவிடாமல் ரப்பர் புஷ் வைத்துப் பிடித்தால் அலுமினியம் நீண்ட நாள் உழைக்கும். விறைப்பாக போல்ட் போட்டு இறுக்கினால் உழைக்காது.

உண்மையான போராட்டம் நடப்பது முட்டிகளில். இன்டர்கூலர் காரின் உடலில் பூட்டப்பட்டிருக்கிறது. டர்போவும் இன்ஜினும் ரப்பர் மவுண்டில் ஆடிக்கொண்டிருக்கின்றன. கியர் போடும்போதெல்லாம் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். இந்த இரண்டையும் முழுக்க இரும்பாலேயே இணைத்தால் எங்கோ ஒன்று உடையத்தான் செய்யும். அதனால் நடுவில் வளையும் ஹோஸ் வேண்டும். அந்த ஹோஸைக் காற்று கழற்றப் பார்க்கிறது: 63 மில்லிமீட்டர் வாயில் ஒரு பார் அழுத்தம் என்றால், ஏறத்தாழ 32 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை. குழாயின் வாயில் சுற்றிலும் ஒரு மேடு உருட்டி, ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உட்கார்ந்து, அதற்குப் பின்னால் கிளாம்ப் இறுகினால்தான் அது நிற்கும். மேடு இல்லாத மொட்டைக் குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் ஏற்றத்தில் ஒரு நாள் 'டப்' என்று கழன்றுவிடும். இழுவை போகும், டீசல் வண்டி கரும்புகை தள்ளும், டர்போ எதிர்ப்பு இல்லாமல் அளவுக்கு மீறிச் சுழலும். செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் சரக்கு லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டால், "பிக்கப் இல்ல, விசில் அடிக்குது" என்று இந்தக் கோளாறை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

ஹோஸின் பொருள்தான் எல்லாவற்றையும்விட நுணுக்கமானது. இன்ஜினின் அடிவயிற்றில் உண்டாகும் எண்ணெய் ஆவி, டர்போவுக்கு முன்னால் காற்றுப் பாதையில் கலக்கிறது. ஆகவே இந்தக் குழாய்க்குள் சுத்தமான காற்று ஒருபோதும் ஓடுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். ரேடியேட்டர் தண்ணீருக்கு அருமையாக உழைக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துக் கிழிந்துவிடும். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு ஹோஸ்தான், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. சிலிகான் 200 டிகிரி தாங்கும், வருடக் கணக்கில் வளைந்துகொடுக்கும், நீலம் சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் வரும். ஆனால் எண்ணெய் அதன் உடம்புக்குள் ஊடுருவும். சில காலத்தில் வெளியே வியர்க்கத் தொடங்கும், மெத்துப்போகும். அதனால் சூட்டுப் பக்கத்துக்குச் சிலிகான் வாங்கும்போது உள்ளே ஃபுளோரோசிலிகான் பூச்சு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அந்தப் பூச்சு எண்ணெயைத் தடுக்கும், மேலே உள்ள சிலிகான் சூட்டைத் தாங்கும், நடுவில் உள்ள அராமிட் அல்லது பாலியெஸ்டர் துணி அழுத்தத்தைத் தாங்கும். கார் கம்பெனிகள் இதற்கு ஏ.இ.எம். என்ற ரப்பரையும் வைக்கின்றன. எண்ணெயும் 170 டிகிரி சூடும் அதற்கு ஒத்துப்போகும்.

வீட்டுக்குத் தண்ணீர் வரும் பி.வி.சி. குழாயை வைத்து இன்டர்கூலர் பாதை அமைத்தவர்கள் உண்டு. பிளம்பிங் கடையில் எல்லா வளைவும் கிடைக்கிறது, பசை போட்டால் ஒட்டுகிறது என்பது அவர்கள் வாதம். அந்தக் குழாயின் அழுத்தத் தாங்குதிறன், ஐ.எஸ். 4985 தரத்தின்படி, 27 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்படுவது. 80 டிகிரியில் அது இளகத் தொடங்கிவிடும். வெந்நீருக்கான சி.பி.வி.சி. கூட 93 டிகிரி வரைதான். 138 டிகிரிக் காற்று அதற்குள் போனால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் சிதறும். தயவுசெய்து யாரும் இதை முயல வேண்டாம். ஜி.ஐ. குழாயும் வேண்டாம்: வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும், உள்பூச்சு செதிலாக உரிந்தால் இன்ஜினுக்குள் போகும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் நல்லது. எண்ணூர், பழவேற்காடு பக்கம் உப்புக் காற்றில் வாழும் வண்டிக்கு மிக நல்லது. ஆனால் பட்டறையில் வெல்டு வைப்பவர் குழாயின் உள்ளே ஆர்கான் நிரப்பாமல் வைத்தால், மறுபக்கம் கருகிக் கரடாகி, அந்தக் கரடு பிறகு உதிரும்.

என் தீர்ப்பு இதுதான். ஒரே வண்டிக்குச் செய்கிறவர், சூட்டுப் பக்கத்துக்கு உள்மேடு எடுத்த எஃகுக் குழாயை மேன்ட்ரலில் வளைத்து, உள்ளே அமிலத்தால் கழுவிக் காயவைத்து, வெளியே மட்டும் பவுடர் கோட்டிங் அடித்துப் போடலாம். குளிர்ப் பக்கத்துக்கு அலுமினியமோ, வண்டியோடு வந்த நைலானோ போதும். இரண்டு பக்கமும் முட்டிகளில் ஃபுளோரோசிலிகான் பூசிய ஹோஸ், மேடு உருட்டிய வாய், டி-போல்ட் கிளாம்ப். இன்ஜினில் பூட்டும் முன் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட வேண்டும். குமிழி வராத குழாய்தான் நல்ல குழாய், அது எந்த உலோகமாக இருந்தாலும் சரி.

வண்டி முடிந்துபோனால் குழாய் புதுப்பேட்டைக்குப் போகிறது. எழும்பூரை ஒட்டிய அந்தத் தெருக்களில் பழைய கார்களைப் பிரித்து, கதவு தனியாக, விளக்கு தனியாக, இன்டர்கூலர் தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள நைலான் குழாய் அங்கே இன்னொரு வண்டிக்குப் போய்விடும். கிளிப் உடைந்தது, வாய் வெடித்தது போகாது. எடைக்கு விற்கும் காயலாங்கடையில் எஃகுக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு அதைவிட நல்ல விலை. காந்தம் ஒட்டாத ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைத் தனியாகப் பொறுக்கி வைப்பார்கள். கண்ணாடியிழை நைலானுக்கும் சிலிகானுக்கும் அவர்கள் தராசில் பெரும்பாலும் இடம் இல்லை.

பழைய எஃகு வடக்கே போகிறது. மாதவரம், செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கும் சுற்றுவட்டாரத்திலும் இண்டக்ஷன் உலைகள் பழைய இரும்பை 1,600 டிகிரி அளவில் உருக்குகின்றன. உருகியது பில்லெட்டாக வார்க்கப்பட்டு, உருளைகளில் நீண்டு, வெளியே வரும்போதே தண்ணீரால் சட்டென்று குளிர்விக்கப்பட்டு டி.எம்.டி. கம்பியாகிறது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகப் போய்விடும், ஜி.ஐ. பழைய இரும்பு அதிகம் கலந்தால் புகையும் அதிகம். செம்பு கலந்தால் இன்னும் மோசம். உருகிய எஃகிலிருந்து செம்பைப் பிரிக்க இந்த உலைகளில் வழியே இல்லை. அது தங்கிவிடும், சூட்டில் உருட்டும்போது கம்பியின் மேல்தோல் வெடிக்கும். குழாயோடு சேர்ந்த சென்சார் ஒயரையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் எஃகைப் போட வேண்டும். நன்றாகப் பிரித்த எஃகுக் குழாய் இங்கே மறுபடியும் முழு எஃகாகிறது. அலுமினியமும் வேறு உலைகளில் அப்படியே மீளும். தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 விழுக்காடு போதும். உலைகளின் புகை பற்றிச் சுற்றுக் கிராமத்தார் நெடுநாளாகக் குறை சொல்லி வருகிறார்கள். அது நியாயமான குறை. உலை வேண்டும், புகைப்பிடிப்பானும் வேண்டும்.

நைலானும் சிலிகானும் இந்தப் பயணத்தைப் பாதியில் நிறுத்திக்கொள்கின்றன. சிலிகான் ரப்பரை மறுபடி உருக்க முடியாது. கண்ணாடியிழை நைலானை அரைத்து மறுபடி வார்க்கலாம், ஆனால் கறுப்பு அழுக்குப் பிளாஸ்டிக்குகளிலிருந்து அதைத் தனியே பொறுக்க யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆகவே அது குப்பைமேட்டுக்குப் போகிறது, அல்லது எரிகிறது. நைலான் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும்.

ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. கார் செய்கிறவரே அதன் கடைசிக் காலத்துக்கும் பொறுப்பு என்று அவை சொல்கின்றன. அந்தப் பொறுப்பு இப்போதைக்கு எஃகின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எஃகுக்கு ஏற்கெனவே புதுப்பேட்டையும் கும்மிடிப்பூண்டியும் இருக்கின்றன. இலக்கு தேவைப்படுவது நைலானுக்கும் ரப்பருக்கும். அவற்றையும் எடையில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் நிலையங்களைத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கார் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே திறக்க வேண்டும். அதுவரை, குழாய் மாற்றும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய நைலானையும் ஹோஸையும் பின்பக்கக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். ஒரு சாக்கில் தனியாகப் போட்டு வையுங்கள்.